தேய்மானம் படிக்க ஆசைப்படும் பெண்ணின் அப்பாவுக்கு

சங்ககிரிப் பக்கம் லாரிப் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாமலிருக்க ஊரையும் சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். ஒரே பெண். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி. பிளஸ் டூவில் பொறியியல் கட்-ஆஃப் 200க்கு 171. அவள் உலோகவியல் எடுக்கிறேன் என்கிறாள். பெங்களூரில் ஐடி வேலையில் இருக்கும் தாய்மாமன், "நாலு வருசம் படிச்சுட்டு இரும்புக்கடையில உக்காரப் போறாளா?" என்று கேட்டிருக்கிறார். கேட்டதோடு நிற்காமல் கோவையில் ஒரு தனியார் கல்லூரியில் ஏஐ அண்ட் டேட்டா சயன்ஸ் சீட்டுக்கு மேனேஜ்மென்ட் கோட்டாவில் பேசியும் வைத்துவிட்டார். நன்கொடை, கட்டணம், விடுதி எல்லாம் சேர்த்து 14 லட்சம். பட்டறை இருக்கும் இடத்தை அடகு வைக்கலாமா என்பதுதான் அப்பாவின் கேள்வி. "பொண்ணு ரெண்டு நாளா யார்கிட்டயும் பேசறதில்ல" என்று கடைசியில் ஒரு வரி.

ஐயா, முதலில் பதற்றப்படாதீர்கள். 171 நல்ல மதிப்பெண். உங்கள் பெண் எதையும் கோட்டைவிடவில்லை.

ஆறுதல் அவ்வளவுதான். அடகு வைக்கக் கூடாது. இதில் "யோசித்துப் பாருங்கள்" என்று இழுக்க எனக்கு விருப்பமில்லை.

ஏன் என்று கணக்காகவே சொல்கிறேன். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்குப் பொறியியல் கவுன்சிலிங்கில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. தனியார் கல்லூரியாக இருந்தாலும், கவுன்சிலிங் வழியே போனால் இந்தச் சலுகை உண்டு. அதற்கு மேல் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கில் விழும். மேனேஜ்மென்ட் கோட்டாவில் கையெழுத்துப் போட்டால் 7.5 சதவீதச் சலுகை அப்படியே போய்விடும். ஏழு வருடம் அரசுப் பள்ளியில் படித்துச் சம்பாதித்த உரிமையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, மேற்கொண்டு 14 லட்சமும் கட்டுவதற்குப் பெயர் முதலீடு இல்லை. மச்சானுக்காகச் செய்கிற மரியாதை. அந்த மரியாதைக்குப் பட்டறை போகக் கூடாது.

கம்ப்யூட்டர் படிப்பு நல்ல படிப்புதான். உங்கள் பெண்ணுக்கு அதில் நாட்டம் இருந்திருந்தால், அதையும் கவுன்சிலிங்கில் எடுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். மாமா தன் வாழ்க்கையில் பலித்ததைச் சொல்கிறார். அவர் சொல்வது அவருக்குச் சரி. ஆனால் கடிதத்தில் நீங்கள் புகாராக எழுதிய இரண்டு விஷயங்களை அவர் கவனிக்கவில்லை. நீங்களும் கவனிக்கவில்லை.

ஒன்று: "பட்டறைக்கு வந்தா கழட்டிப்போட்ட பேரிங்கைப் பொறுக்கி வெச்சுக்கறா. ரேஸ்ல ஏன் குழி விழுந்துச்சு, கிரீஸ் இருந்தும் ஏன் விழுந்துச்சுன்னு மெக்கானிக்குகளை நச்சரிக்கறா." இரண்டு: "அவ அம்மாயிக்கு (பாட்டிக்கு) முட்டி மாத்தினப்ப டாக்டர்கிட்டயே போயி, இது என்ன மெட்டல், இதுவும் தேயுமான்னு கேட்டு எங்க மானத்தை வாங்கிட்டா."

மானம் போகவில்லை. அந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் ஒன்றுதான். அதற்கென்றே ஒரு துறை இருக்கிறது. டிரைபாலஜி என்பார்கள்: உராய்வு, தேய்மானம், மசகு மூன்றையும் சேர்த்துப் படிப்பது. 1966இல் பிரிட்டிஷ் அரசுக்காகப் பீட்டர் ஜோஸ்ட் தலைமையிலான குழு ஓர் அறிக்கை கொடுத்தது. தேய்மானத்தால் தொழிற்சாலைகளில் வீணாகும் பணத்தைக் கணக்கிட்டுக் காட்டிய பிறகுதான் இது தனித்துறையாக நிமிர்ந்தது. கவுன்சிலிங் சமயத்தில் இந்தப் பெயரை யாரும் உச்சரிப்பதில்லை. அதனால் மற்ற படிப்புகளையெல்லாம் விட்டுவிட்டு இதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

பேரிங்கிலிருந்து தொடங்கலாம். ரேஸ் என்கிற வளையத்தின் மேல் குண்டு உருளும்போது அழுத்தம் அதிகமாக இருப்பது மேற்பரப்பில் இல்லை, அதற்குக் கொஞ்சம் கீழே. லட்சக்கணக்கான தடவை உருண்ட பிறகு அங்கே ஒரு நுண்விரிசல் பிறக்கும். அது மெல்ல மேலே வந்து ஒரு செதிலைப் பெயர்த்துக்கொண்டு போகும். அதுதான் உங்கள் பெண் பார்த்த குழி. கிரீஸ் இருந்தும் விழுவதற்கு இதுதான் காரணம்: கிரீஸ் மேற்பரப்பைக் காப்பாற்றும், உள்ளே பிறக்கிற விரிசலை முழுதாகத் தடுக்காது.

இப்போது அம்மாயியின் முட்டிக்கு வருவோம். வழக்கமான செயற்கை முழங்காலில் தொடை எலும்பின் முனைக்குக் கோபால்ட்-குரோமியக் கலவையில் ஒரு மூடி போடுவார்கள். கால் எலும்பின் தலையில் பெரும்பாலும் டைட்டானியக் கலவையில் ஒரு தட்டு. இரண்டுக்கும் நடுவே வெள்ளையாக ஒரு பிளாஸ்டிக் துண்டு. மூலக்கூறு எடை மிக அதிகமான பாலிஎத்திலீன் அது. பழைய மாடல் முழங்கால்களில் இந்தப் பிளாஸ்டிக் தாள் தாளாக உரிந்து வந்தது. காரணத்தைத் தேடியபோது, காற்றுபடக் காமாக் கதிர் பாய்ச்சிக் கிருமி நீக்கம் செய்ததில் பிளாஸ்டிக் உள்ளுக்குள் ஆக்சிஜனேற்றம் அடைந்து நொறுங்கும் தன்மைக்கு வந்திருந்தது தெரிந்தது. அதன் மேல் நடை நடையாக அழுத்தம் ஏற, மேற்பரப்புக்குக் கீழே விரிசல் பிறந்து செதிலாகப் பெயர்ந்திருக்கிறது. லாரி பேரிங்கில் நடந்தது அப்படியே முழங்காலுக்குள்ளும் நடந்திருக்கிறது. உங்கள் பெண் பட்டறையில் ஒன்றும் ஆஸ்பத்திரியில் ஒன்றுமாகக் கேட்டது ஒரே கேள்வியைத்தான். இதை யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

டைட்டானியம் இலேசு, உறுதி, எலும்போடு நன்றாக ஒட்டும். அப்படியானால் முழுவதையும் அதிலேயே செய்துவிடலாமே? முடியாது. உரசுகிற இடத்தில் டைட்டானியம் படு மோசம். ஒட்டிப் பிய்ந்து, கறுப்புத் தூளாக உதிர்ந்து, சுற்றியிருக்கும் சதையைக் கறையாக்கிவிடும். அதனால் எலும்பைத் தொடுகிற இடத்தில் டைட்டானியம், உரசுகிற இடத்தில் கோபால்ட்-குரோமியம் அல்லது அலுமினா வகைப் பீங்கான் என்று வேலையைப் பிரித்துக் கொடுக்கிறார்கள். கோபால்ட்-குரோமியம் எலும்பைவிடப் பத்து மடங்கு விறைப்பானது. எடை முழுவதையும் அதுவே தாங்கிக்கொண்டால் பக்கத்து எலும்பு வேலையில்லாமல் மெலிந்துபோகும். ஒவ்வொரு உலோகத்திலும் இப்படி ஒரு நல்லதும் ஒரு வில்லங்கமும் இருக்கும். இதை எடைபோட்டு முடிவெடுக்கிறவர் பொருளறிவியல் படித்த பொறியாளர். பொருத்துகிறவர் மட்டும்தான் மருத்துவர்.

இந்தப் பிளாஸ்டிக் எப்படி உடம்புக்குள் வந்தது என்பது நல்ல கதை. இங்கிலாந்தில் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி என்ற அறுவை மருத்துவர் இடுப்பு மூட்டுக்கு முதலில் டெஃப்லான் கிண்ணம் பொருத்தினார். வழுக்குவதில் டெஃப்லானை மிஞ்ச ஆளில்லை. ஆனால் மூன்று வருடங்களுக்குள் கிண்ணங்கள் தேய்ந்து ஓட்டையாகின. தேய்ந்த தூள் சுற்றியிருந்த திசுவைக் கெடுத்தது. உராய்வு குறைந்தால் தேய்மானமும் குறையும் என்று எல்லோரும் நினைத்துக்கொள்வோம், அது உண்மையில்லை என்று நோயாளிகளின் இடுப்பு காட்டிக்கொடுத்தது. 1962இல் ஒரு விற்பனைப் பிரதிநிதி நெசவாலை இயந்திரங்களில் பயன்பட்ட ஒரு பிளாஸ்டிக்கைக் கொண்டுவந்தார். சார்ன்லி நகத்தால் கீறிப் பார்த்து வேண்டாம் என்றுவிட்டார். அவருடைய ஆய்வகத் தொழில்நுட்பர் ஹாரி கிரேவன் விடவில்லை, அதைச் சோதனை இயந்திரத்தில் மாட்டி ஓடவிட்டார். டெஃப்லான் ஒரே நாளில் தேய்கிற அளவுக்குக்கூட அது மூன்று வாரத்தில் தேயவில்லை. அந்தப் பொருளின் வம்சம்தான் இன்றைக்கும் அம்மாயியின் முட்டியில் இருக்கிறது. நெசவு ஓடுகிற கொங்கு நாட்டுக்காரர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. தறி பாகம் எப்படி அடி வாங்கும் என்று உங்களுக்கே தெரியும்.

நம் பக்கத்திலும் இப்படி ஒரு கதை உண்டு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில், மருத்துவர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில், ஜி.எஸ். புவனேஸ்வர் போன்ற பொறியாளர்கள் சேர்ந்து செயற்கை இதய வால்வு செய்தார்கள். ஒரு கூடு, அதற்குள் சாய்ந்து திறந்து மூடும் ஒரு வட்டு. கேட்கச் சுலபம். இதயம் வருடத்துக்குச் சுமார் 4 கோடி தடவை துடிக்கும், அத்தனை தடவையும் வட்டு கூட்டில் இடித்து உரசும். முதல் மாடலில் வெல்டிங் செய்த இடம் உடைந்தது. இரண்டாவதில் டைட்டானியக் கூட்டுக்குள் சபையர் (நீலக்கல்) வட்டு வைத்தார்கள். சபையர் ஒன்றும் ஆகாமல் டைட்டானியத்தைத் தின்றுவிட்டது. மூன்றாவதில் கூட்டைக் கோபால்ட் கலவைக்கு மாற்றினார்கள். தேய்மானம் அடங்கியது. ஆனால் செம்மறியாட்டுக்குப் பொருத்திப் பார்த்தபோது சபையர் வட்டு உடைந்தது. நாலாவதில் கூடு அதே கோபால்ட் கலவை, வட்டு மட்டும் அந்தப் பழைய பாலிஎத்திலீன். 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். டிடிகே சித்ரா வால்வு என்ற பெயரில் இன்றைக்கும் தயாராகிறது. பன்னிரண்டு, பதிமூன்று வருட உழைப்பில் இருதய மருத்துவம் அளவுக்கு உலோகமும் தேய்மானமும் இருந்தன.

இந்த வேலை அன்றாடம் எப்படி இருக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஹீரோ கதை மட்டும் மனதில் நிற்கும். இடுப்பு மூட்டைச் சோதிக்க ஒரு சிமுலேட்டர். மனிதர் நடப்பதைப் போலவே மூட்டை ஆட்டி அழுத்தும். சராசரி மனிதர் வருடத்துக்குப் பத்து லட்சம் அடி வைப்பார் என்று கணக்கு. சோதனை 50 லட்சம் சுழற்சி ஓடும். நொடிக்கு ஒரு சுழற்சி என்றால் இரண்டு மாதம். மசகுக்குக் கன்றுக்குட்டியின் இரத்தச் சீரம், 37 டிகிரியில். ஐந்து லட்சம் சுழற்சிக்கு ஒருமுறை நிறுத்திக் கழற்றி, கழுவி, உலரவைத்து, எடை பார்த்து, புதுச் சீரம் ஊற்றி மறுபடி மாட்ட வேண்டும். பிளாஸ்டிக் சீரத்தை உறிஞ்சி எடை கூடிவிடும் என்பதால், உரசாமல் சும்மா ஊறவைத்த இன்னொரு துண்டையும் எடைபோட்டு அதைக் கழிக்க வேண்டும். கழிக்க மறந்தால் தேய்ந்த துண்டு எடை கூடியதாகக் காட்டும்! மில்லிகிராமுக்காகச் சண்டை போடுகிற வேலை இது. பேரிங்கைப் பொறுக்கி வைத்துக்கொள்கிற பிள்ளைக்கு இது பிடிக்கும். பிடிக்காதவர்களுக்குச் சிறைவாசம். தேய்ந்த தூளுக்கு ஏன் இத்தனை மெனக்கெடல் என்றால், ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சிறிய துகள்களை உடம்பின் காவல் செல்கள் விழுங்கி, செரிக்க முடியாமல், கடைசியில் சுற்றியிருக்கும் எலும்பையே கரைக்கிற வேலையில் கொண்டுபோய் விடுகின்றன. மூட்டு உடையாது, எலும்பிலிருந்து கழன்றுவிடும். 2010இல் உலோகத்தோடு உலோகம் உரசுகிற ஒரு வகை இடுப்பு மூட்டை உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்கள். இந்திய நோயாளிகளும் அதில் சிக்கினார்கள். அங்கேயும் தேய்மானத் துகள்தான் வினை.

இனி, எந்தப் படிப்பு என்ற விஷயம். பயோமெடிக்கல் இன்ஜினியரிங் என்று ஒன்று இருக்கிறதே, பெயரும் கௌரவமாக இருக்கிறதே என்று மாமா அடுத்து அங்கே தாவுவார். பெரும்பாலான கல்லூரிகளில் அந்தப் பாடத்திட்டம் எலெக்ட்ரானிக்ஸ் பக்கம் சாய்ந்தது: ஈசிஜி, ஸ்கேன் கருவி, சிக்னல். நல்ல படிப்பு, ஆனால் இவள் கேட்கிற கேள்விக்கு அங்கே பதில் குறைவு. இவளுக்கு வேண்டியது உலோகவியல், அல்லது பொருளறிவியல். சேலம் அரசு பொறியியல் கல்லூரியில் பி.இ. உலோகவியல் இருக்கிறது, உங்கள் ஊரிலிருந்து எட்டிப்பிடிக்கிற தூரம். கோவை பிஎஸ்ஜி தொழில்நுட்பக் கல்லூரியிலும் உண்டு. திருச்சி என்ஐடியில் இருக்கிறது, ஆனால் அதற்கு ஜேஇஇ வேண்டும். இந்த வருடம் அதைப் பேசிப் பிரயோசனமில்லை. போன சில வருடங்களில் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இந்த இடங்கள் எந்த கட்-ஆஃப் வரை போயின என்ற பட்டியல் பொதுவில் கிடைக்கிறது, பெண்ணோடு உட்கார்ந்து பாருங்கள்.

ஒரு விஷயம் பெண்ணுக்கு நேராக. பாப்பா, நாலு வருடப் பாடத்தில் செயற்கை மூட்டு அநேகமாக ஒரு விருப்பப் பாடமாக வந்தால் அதிர்ஷ்டம். முதல் இரண்டு வருடம் வெப்ப இயக்கவியல், நிலை வரைபடம், உருக்கு, வார்ப்பு. சலிப்பாக இருக்கும். இரும்பும் கார்பனும் சேர்ந்த அந்த ஒரு நிலை வரைபடத்தை மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரைகிற மாதிரி படித்துக்கொள். அரிமானம் (துருப்பிடிப்பது மாதிரி உலோகம் அரிபடுவது) என்ற பாடத்தை யாரும் மதிக்க மாட்டார்கள், நீ மதி. உடம்பு என்பது உப்புத் தண்ணீர்தானே. தேய்மானமும் துருவும் சேர்ந்து தாக்குகிற இடத்தில்தான் நிறைய இம்ப்ளான்ட்கள் (உடம்புக்குள் பொருத்தும் பாகங்கள்) தோற்கின்றன. கடைசி வருட புராஜெக்டுக்கு யாரோ எழுதிவைத்த மென்பொருள் புராஜெக்டை விலைக்கு வாங்காதே. பின்-ஆன்-டிஸ்க் இயந்திரம் எந்தக் கல்லூரியில் இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டு போய் நில். சுழலும் தட்டின் மேல் ஒரு சிறு ஊசியை எடை வைத்து அழுத்துகிற எளிய கருவி அது. உன் மாமா இருக்கிற பெங்களூரில்தான் டூகாம் என்ற நிறுவனம் இந்த வகை இயந்திரங்களைச் செய்து வெளிநாடுகளுக்கும் விற்கிறது, அவரிடம் சொல். ஐஐடி பேராசிரியர்களின் பாடங்கள் என்பிடெல் இணையதளத்தில் இலவசம், டிரைபாலஜியும் உண்டு, பயோமெட்டீரியல்ஸும் உண்டு.

அப்புறம் ஐயா, இந்த வழியின் கஷ்டத்தையும் நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டும். பி.இ. முடித்த கையோடு இம்ப்ளான்ட் நிறுவனம் வந்து கூப்பிடாது. அந்த வேலைக்கு எம்.டெக், சில இடங்களில் பிஎச்.டி. வேண்டும். மூட்டு செய்கிற நிறுவனங்கள் குஜராத் பக்கம் அதிகம். வெளியூர் போகத் தயாராக இருக்க வேண்டும். நேரே வேலைக்குப் போனால் ஃபவுண்டரி, ஹீட் ட்ரீட்மென்ட், தரக்கட்டுப்பாடு, ஷிப்ட். ஆரம்பச் சம்பளம் ஐடியில் சேர்ந்த தோழியைவிடக் குறைவாக இருக்கலாம், முதல் மூன்று நாலு தீபாவளிக்கு மாமா அதைச் சொல்லிக்காட்டுவார். தாங்க வேண்டும்.

ஆனால் அதே அறிவுக்கு மூட்டு மட்டுமே சந்தை இல்லை. சென்னையைச் சுற்றி பிரேக் லைனிங் செய்கிறார்கள். அங்கே உராய்வு அதிகமாகவும் ஒரே சீராகவும் வேண்டும், தேய்மானம் குறைய வேண்டும், ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக் கூடாது. மூட்டைவிட அது சுலபமான பிரச்சினை என்று யாரும் சொல்ல முடியாது. கோவையில் பம்புகளுக்கு சீல், பேரிங். திருச்சியில் பாய்லர் குழாயைச் சாம்பல் அரிக்கிற பிரச்சினை. கல்பாக்கத்தில் அணு உலைப் பொருட்கள், காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தில் அரிமானம். எல்லாம் ஒரே படிப்பின் கிளைகள். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் டைட்டானியத் தாது கிடைக்கிறது. மணலில் தொடங்கி முட்டி வரைக்கும் இந்தத் துறையில் ஆள் வேண்டும்.

மேற்படிப்புக்குச் செலவு பயம் வேண்டாம். கேட் (GATE) என்ற நுழைவுத் தேர்வு எழுதி எம்.டெக் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. ஆராய்ச்சிக்குப் போய் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000. திருச்சி என்ஐடி, சென்னை ஐஐடி என்று அப்போது போகலாம். டெல்லி ஐஐடியில் வாகன ஆராய்ச்சியோடு டிரைபாலஜியையும் சேர்த்துப் பார்க்கிற ஒரு மையம் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் கிடைக்காத கல்லூரிப் பெயர் நாலு வருடம் கழித்து உதவித்தொகையோடு கிடைக்க வழியிருக்கிறது என்பதை உறவினர்கள் யாரும் சொல்வதில்லை.

நாட்டுக்கு இது தேவையா என்றால், 2017 ஆகஸ்டில் நடந்ததைப் பாருங்கள். கோபால்ட்-குரோமிய முழங்காலுக்கு மத்திய அரசு 54,720 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தது. அதுவரை சராசரி விலை ஒன்றரை லட்சத்துக்கும் மேல். விலையை ஓர் உத்தரவில் குறைக்கலாம். அந்த விலைக்குள் தேயாத மூட்டு செய்ய ஆட்கள் வேண்டும். ஓரகடத்தில் மருத்துவக் கருவிகளுக்கென்றே ஒரு சிப்காட் பூங்காவும் வருகிறது. அவள் படித்து முடிக்கும்போது எத்தனை கம்பெனி வந்திருக்கும் என்று நான் ஜோசியம் சொல்லப் போவதில்லை.

இப்போது செய்ய வேண்டியது: கோவைக் கல்லூரிக்கு டோக்கன் அட்வான்ஸ் கொடுத்திருந்தால் இன்றைக்கே எழுத்தில் திரும்பக் கேளுங்கள். அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றிதழைப் பள்ளியில் வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சாய்ஸ் ஃபில்லிங்கில் சேலம் உலோகவியல், கோவை உலோகவியல், அதற்கடுத்து அரசுக் கல்லூரிகளில் மெக்கானிக்கல். மெக்கானிக்கலிலிருந்தும் டிரைபாலஜிக்கு வரலாம், நிறையப் பேர் வந்திருக்கிறார்கள். வரிசையை அவளே போடட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். மச்சானிடம் நான் பேச வேண்டுமென்றால் தாராளமாகப் பேசுகிறேன். ஆனால் கவுன்சிலிங் பாஸ்வேர்டும் ஓடிபி வருகிற போனும் கவுன்சிலிங் முடிகிறவரை பெண்ணின் கையிலேயே இருக்கட்டும்.